பிள்ளைகளின் அலமாரியில் யார் யார் இருக்கிறார்கள்?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் 8 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுடன் அமர்ந்து கதைப் புத்தகம் படித்துவருகிறேன். தொடங்கிய புதிதில், கடற்கரைப் பிள்ளைகள் மகிழ்வார்கள் என்று நம்பி, மீனவர் குடும்பம் ஒன்றைப் பற்றிய கதையை எடுத்துச் சென்றேன். பாதி படிக்கும்போதே ஒரு சிறுமி, "எங்களப் பத்தின கதைன்னாலே சுனாமி வந்துடுமா?" என்று கேட்டாள். 2004 டிசம்பர் 26 அவள் பிறப்பதற்கு முன்பே கடந்துபோன நாள். அவளுடைய அன்றாடத்தில் வலை பின்னலும், மீன் ஏலத்தின் கூச்சலும், வாடைக்காற்றைப் பற்றிய தாத்தாவின் பேச்சும் இருந்தன. புத்தகத்திலோ அவளுக்குத் துயரம் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது. சமூக அக்கறையை வளர்ப்பதாக எண்ணி நாம் வாங்கும் நூல்களை முதலில் எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதை அவள் கேள்வியிலிருந்தே கற்றேன்.

வீட்டிலோ வகுப்பிலோ உள்ள கதை நூல்களையெல்லாம் தரையில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டில் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கதையில் முடிவெடுப்பவர் யார், உதவி பெறுபவர் யார், சமைப்பவர் யார். இருபது நூல்களைப் பார்ப்பதற்குள் உங்கள் அலமாரியின் சாயல் தெரிந்துவிடும். பார்வையற்ற பிள்ளையோ இருளர் வீட்டுப் பிள்ளையோ எங்காவது தென்பட்டாலும், பிறர் இரக்கம் காட்டுவதற்காகவே அங்கே நிறுத்தப்பட்டிருந்தால், அந்த நூல் அக்கறையை அன்று, மேலிருந்து பார்க்கும் பழக்கத்தையே வளர்க்கும். அந்தப் பிள்ளை குறும்பு செய்கிறதா, தவறு செய்கிறதா, தானாக ஏதேனும் கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள்.

நூல்களுக்கு அதிகம் செலவாகாது. 1957இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே படிக்கலாம். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் உள்ளன. நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் போனால், முதல் இரண்டு பக்கங்களையும் கடைசிப் பக்கத்தையும் அங்கேயே நின்று படித்துவிட்டு வாங்குங்கள். கருத்து எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் கதை உயிரற்றதாக இருந்தால் பிள்ளைகள் அதைத் தொடுவதில்லை.

அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய கட்டுரையொன்றில், நூல் என்பது பிள்ளை தன்னைக் காணும் கண்ணாடியாகவும் பிறரைக் காணும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்றார். என் அனுபவத்தில் கண்ணாடியே முதலில் வர வேண்டும். தன் தெருவை ஒருமுறையாவது மதிப்போடு அச்சில் பார்த்த பிள்ளை, பிறர் தெருவைப் பற்றிப் படிக்கும்போது கூடுதல் பொறுமையுடன் படிக்கிறது.

படித்து முடித்ததும் "இக்கதையால் அறியப்படும் நீதி யாது?" என்று கேட்காதீர்கள். நாம் எல்லோரும் அந்தக் கேள்வியோடு வளர்ந்தவர்கள்தாம். ஆனால் அது பேச்சை முடித்துவிடும். துப்புரவுப் பணியாளரின் மகளை ஆசிரியர் வகுப்பைப் பெருக்கச் சொல்லும் கதை ஒன்றைப் படித்தபோது, எங்கள் பிள்ளைகள் அனைவரும் "பாவம்" என்றார்கள். அத்துடன் விடாமல், கதையில் பேசாமலேயே இருப்பவர்கள் யார் என்று கேட்டேன். சிறிது நேரம் கழித்து ஒரு சிறுவன், "மத்த பசங்க ஏன் சும்மா இருந்தாங்க?" என்றான். அதன்பின் ஒரு மணி நேரம் அவர்களே பேசினார்கள். தங்கள் பள்ளியில் யார் பெருக்குகிறார்கள், யாரை ஒருபோதும் பெருக்கச் சொல்வதில்லை என்பதும் அந்தப் பேச்சில் வந்தது.

சாதி பற்றிய கதைகளில் ஓர் எச்சரிக்கை உண்டு. அந்தச் சமூகத்துப் பிள்ளை வட்டத்தில் இருந்தால், "உங்க தெருவிலயும் இப்படித்தானா?" என்று அதன் பக்கம் எந்நாளும் திரும்பாதீர்கள். கதையைப் பற்றிக் கேளுங்கள். தானாகச் சொல்ல வந்தால் மட்டும் செவிகொடுங்கள். தேநீர்க்கடையில் தனிக்குவளை ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால் மழுப்பாமல், அது தீண்டாமை என்றும், அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு அதை ஒழித்துக் குற்றமாக்கியது என்றும், அதற்குப் பின்னும் சில இடங்களில் அது தொடர்ந்தது என்றும் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது புரியும்.

ஆறேழு வாரங்கள் கழிந்தபின் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். நான்கு தாள்களை மடித்துத் தைத்தால் பதினாறு பக்கச் சிறுநூல் ஆகிவிடும். எழுத்துப்பிழையைத் திருத்தலாம், ஆனால் வீட்டில் வழங்கும் சொல்லை மாற்றாதீர்கள். முதல் நாள் கேள்வி கேட்ட சிறுமி, கூடையைத் தலையில் சுமந்து மீன் விற்கும் தன் ஆயா, பேரம் பேசுபவர்களை மடக்கும் கதையை எழுதியிருக்கிறாள். அட்டை போட்டு, மற்ற நூல்களைப் போலவே பதிவேட்டில் எண் கொடுத்து, அதே அலமாரியில் வைத்திருக்கிறோம்.