டர்பனில் இருந்தபடியே உலகின் இளம் புவியியலாளர்களோடு இணைவது எப்படி

புவியியல் படிக்கும் நம் பிள்ளைகளில் பலர், வெளிநாட்டு மாணவர்களோடு சேர்ந்து ஒரு வேலை செய்ய விமானச் சீட்டும் விசாவும் கையில் இருந்தால்தான் முடியும் என்று எண்ணி, படிப்பு முடியும்வரை பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்து, டர்பனிலேயே புவியியல் பட்டம் பெற்று, இப்போது மாணவர் வரைபடக் குழு ஒன்றுக்கு 9 ஆண்டுகளாகத் துணை நிற்கும் நான், அந்த எண்ணத்தால் ஒதுங்கிப்போன நல்ல மாணவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். ஒரு மடிக்கணினியும் ஓரளவு இணைய வசதியும் இருந்தால் இந்த வாரமே தொடங்கிவிடலாம். அதற்கான வழியை, எங்கள் குழு கற்றுக்கொண்ட முறையிலேயே இங்கே எழுதுகிறேன்.

எந்த வலையமைப்பு யாருக்கு

முதலில், உங்கள் வயதுக்கும் படிப்புக்கும் ஏற்ற வாசல் எது என்று பாருங்கள். பள்ளியில் படிப்பவர்களுக்குப் பன்னாட்டுப் புவியியல் ஒலிம்பியாட் இருக்கிறது. 1996இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஐந்து நாடுகளோடு தொடங்கிய அந்தப் போட்டியில் 16 முதல் 19 வயது வரையுள்ள மாணவர்கள், நாட்டுக்கு நால்வர் என்ற கணக்கில் கலந்துகொள்கிறார்கள். எழுத்துத் தேர்வும் படங்களை வைத்துக் கேட்கும் தேர்வும் மட்டுமல்லாமல், அறியாத ஓர் ஊரில் இறங்கி நடந்து, பார்த்ததை வரைபடமாக்கும் களப்பணித் தேர்வும் அதில் உண்டு. தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது. ஒவ்வொரு நாடும் தன் அணியைத் தேர்ந்து அனுப்புவதால், உங்கள் புவியியல் ஆசிரியரிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் புவியியல் மாணவர்கள் 1980களின் பிற்பகுதியில் உருவாக்கிய ஈஜியா என்ற சங்கம், ஆண்டு மாநாடுகளுக்கும் ஊர்விட்டு ஊர் சென்று தங்கும் மாணவர் பரிமாற்றங்களுக்கும் பெயர்பெற்றது. அங்கே ஒரு பருவம் படிக்கச் செல்லும் வாய்ப்பு கிடைத்தால், போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்நகரத்துக் கிளையைத் தேடிச் செல்லுங்கள். முதுகலையும் ஆய்வும் செய்பவர்கள், 1922இல் பிரஸ்ஸல்ஸில் நிறுவப்பட்ட பன்னாட்டுப் புவியியல் ஒன்றியத்தின் இளம் ஆய்வாளர் பிரிவையும், நம் நாட்டுப் புவியியலாளர் சங்கத்தின் மாணவர் மாநாட்டையும் கவனித்துவர வேண்டும்.

இளங்கலை மாணவர்களுக்கு நான் மனமாரப் பரிந்துரைப்பது யூத்மேப்பர்ஸ் வலையமைப்பை. டெக்சாஸ் டெக், ஜார்ஜ் வாஷிங்டன், மேற்கு வர்ஜீனியா ஆகிய மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய இந்த அமைப்புக்கு இன்று ஆப்பிரிக்கா, ஆசியா, தென் அமெரிக்கா எங்கும் பல்கலைக்கழகக் கிளைகள் உள்ளன. கட்டணம் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய, 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தில் சேர்ந்து வேலை செய்வதுதான் இதன் உறுப்பினர்களை ஒன்றுசேர்க்கிறது. நான் இதை முதலில் வைப்பதற்குக் காரணம், மற்ற இடங்களில் அறிமுகமான பிறகுதான் வேலை தொடங்குகிறது. இங்கே வேலை வழியாகவே அறிமுகம் நடக்கிறது.

முதலில் கை பழக வேண்டும்

குழுவாகப் பதிவு செய்வதற்கு முன்பே, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்குத் தொடங்கி, உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள நாலு தெருக்களை வரைந்து பழகுங்கள். உலாவியிலேயே திறக்கும் ஐடி (iD) என்ற திருத்துகருவி போதும். செயற்கைக்கோள் படத்தில் தெரியும் வீட்டின் நான்கு மூலைகளிலும் புள்ளி வைத்து, கட்டடம் என்ற குறிச்சொல் இட்டு, விசைப்பலகையில் கியூ எழுத்தைத் தட்டினால் மூலைகள் செங்கோணமாகிவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. செயற்கைக்கோள் சற்றுச் சாய்வாகப் படம் பிடித்திருக்கும்போது, உயரமான கட்டடத்தின் கூரை ஒரு பக்கமாகச் சரிந்து தெரியும். கூரை தெரியும் இடத்திலேயே கட்டடத்தை விட்டுவிட்டால், அது நிலத்தில் இருக்கும் இடத்திலிருந்து சில மீட்டர் விலகிப்போகும். கூரையின் வடிவத்தை வரைந்துகொண்டு, அதை அப்படியே இழுத்து, சுவர் நிலத்தைத் தொடும் இடத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். பெரிய பகுதி ஒன்றைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து வரையும் பணியில், எங்கள் குழு முதன்முதலாகச் சரிபார்ப்புக்கு அனுப்பிய கட்டங்களில் பாதிக்கு மேல் திரும்பி வந்ததற்கு இதைக் கவனிக்காததே காரணம். அன்று மாணவர்கள் மனம் ஒடிந்துபோனார்கள். ஆனால் திருப்பி அனுப்பியவர், எங்களைப் போன்ற ஒரு மாணவர், ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன தவறு, எப்படித் திருத்துவது என்று பொறுமையாக எழுதியிருந்தார். எங்களுக்குக் கிடைத்த முதல் வெளிநாட்டு நண்பர் அவர்தான்.

சேமிக்கும்போது செய்த மாற்றத்தைப் பற்றி ஒரு வரி எழுதச் சொல்லும். பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். என்ன வரைந்தீர்கள், எதைப் பார்த்து வரைந்தீர்கள் என்று ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். பின்னர் உங்கள் வேலையைப் பார்க்கும் எவரும் முதலில் படிப்பது அதைத்தான். கூகுள் வரைபடத்தைப் பார்த்து ஒரு பெயரைக்கூடப் படியெடுக்கக் கூடாது. அது உரிமச் சிக்கல். தெரியாமல் செய்தாலும் அந்தத் திருத்தங்கள் அழிக்கப்படும்.

மொபைல் டேட்டா விலையையும் மின்வெட்டையும் நினைத்துத் தயங்குபவர்களுக்கு ஒரு வழி உண்டு. வளாகத்து வைஃபையில் வேண்டிய பகுதியைப் பதிவிறக்கிக்கொண்டால், ஜோசம் என்ற மென்பொருளில் வீட்டில் இணையம் இல்லாமலே வரைந்து, மறுநாள் வளாகத்தில் பதிவேற்றலாம்.

குழுவைப் பதிவு செய்தல்

யூத்மேப்பர்ஸ் கிளையாக ஏற்கப்பட, குழுவுக்கு ஒரு பல்கலைக்கழகத்தோடு தொடர்பு இருக்க வேண்டும். வழிகாட்டியாக ஓர் ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும். தலைமைப் பொறுப்புகளில் மாணவர்களே இருக்க வேண்டும். ஆசிரியரிடம் வெறுங்கையோடு செல்லாதீர்கள். நான்கைந்து பேர் ஒரு மாதம் வரைந்த வேலையை அச்சிட்டுக் கொண்டுபோய் மேசையில் வைத்தால், மறுப்பவர் குறைவு. புவியியல் துறைதான் என்று கட்டாயமில்லை; பொறியியல், பொதுச் சுகாதார மாணவர்களையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

பிறர் ஊருக்கு முதலில் உதவுங்கள்

2019 மார்ச்சில் இடாய் சூறாவளி மொசாம்பிக்கின் பெய்ரா நகரைத் தாக்கியபோது, மீட்புப் பணியாளர்களுக்கு எந்தச் சாலை எங்கே போகிறது, எந்தக் குடியிருப்பில் எத்தனை வீடுகள் என்று காட்டும் வரைபடம் அவசரமாகத் தேவைப்பட்டது. உலகெங்குமிருந்து தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்து கொடுத்தார்கள். இத்தகைய பணிகளை ஹாட் எனப்படும் மனிதநேய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழு, டாஸ்கிங் மேனேஜர் என்ற தளத்தில் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து வைக்கிறது. ஒரு கட்டத்தை நீங்கள் எடுத்து வேலை செய்துகொண்டிருக்கும்போது, அந்தத் தளத்தில் வேறு எவரும் அதை எடுக்க முடியாது. முடித்த பிறகு அனுபவம் மிக்க ஒருவர் சரிபார்ப்பார். மாதம் ஒருமுறை, ஒரு சனிக்கிழமை காலை, குழுவாக அமர்ந்து இப்படியொரு பணியைச் செய்யுங்கள். எண்ணிக்கைக்கு ஆசைப்பட வேண்டாம்; ஐம்பது வீடுகளை அவசரமாக வரைவதைவிடப் பத்து வீடுகளைச் சரியாக வரைவதே மேல்.

பிறகு உங்கள் ஆற்றங்கரை

வெளிநாட்டு மாணவர்களோடு சமமாக நின்று பேச வேண்டுமென்றால், அவர்கள் அறியாத ஒன்றை நீங்கள் கொண்டுவர வேண்டும். அது உங்கள் ஊர். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் பகுதியில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, மாகாணத்தில் 430க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. சரிவில் கட்டிய வீடுகளும் ஆற்றுப்படுகையை ஒட்டிய குடிசைகளும் எப்படிப் போயின என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். எந்தப் பாலத்தின் மேல் தண்ணீர் ஏறியது, எந்த மதகு குப்பையால் அடைத்தது, எந்தப் படிக்கட்டு வழியாக மக்கள் மேட்டுக்கு ஏறினார்கள் என்பன எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் இல்லை. நடந்துபோய்ப் பார்த்துக் குறிப்பெடுத்தால்தான் கிடைக்கும்.

கோவில் வரலாறுகளையும் விட்டுவிடாதீர்கள். உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த அம்பலவாணர் ஆலயம் 1905 வெள்ளத்தில் அழிந்து, பின்னர் கேட்டோ மேனரில் 1947இல் மீண்டும் எழுந்தது. 1860இல் முதல் கப்பலில் வந்திறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த நமக்கு அது பக்தி வரலாறு. புவியியல் மாணவருக்கோ அதே செய்தி, ஆறு எதுவரை ஏறும் என்பதற்கான ஆவணமும் ஆகும். இதை ஒரு பன்னாட்டுக் கூட்டத்தில் எங்கள் மாணவி ஒருத்தி எடுத்துச் சொன்னபோது, வங்கதேசத்து மாணவர்கள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் இடத்துக்குப் பல மொழிகளில் பெயர் சேர்க்கலாம். தமிழுக்கும் தனிக் குறிச்சொல் உண்டு. தமிழ்ப்பற்று மிகுந்த நான், தொடக்கத்தில் சாட்ஸ்வொர்த்தின் தெருப்பெயர்களை எல்லாம் தமிழ் எழுத்தில் மாற்றிச் சேர்த்துக்கொண்டே போனேன். ஒரு நாள் வேறு நாட்டுத் தன்னார்வலர் ஒருவர், இந்தப் பெயரை அங்கே யார் எழுதுகிறார்கள், எந்தப் பலகையில் இருக்கிறது என்று பணிவாகக் கேட்டார். என்னிடம் விடை இல்லை. வழக்கில் உள்ள பெயரை மட்டுமே சேர்க்க வேண்டும், நாமாக எழுத்துமாற்றம் செய்து புகுத்தக் கூடாது என்பது அங்குள்ள நெறி. அது நியாயமான நெறி. எல்லாவற்றையும் நீக்கினேன்.

அதன் பிறகு நோட்டுப்புத்தகத்தோடு கோவில்களுக்குப் போனோம். கோபுர வாசலின் மேல் தமிழில் எழுதியிருந்த பெயரைப் படம் எடுத்து, எழுத்துப் பிசகாமல் சேர்த்தோம். பக்கத்துத் தெருவில் ஓர் ஆயாவிடம், ஆற்றைக் கடக்கும் சிறு பாலத்தைக் காட்டி, "ஆயா, இத நீங்க என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்டோம். அவர் சொன்னது, எப்போதோ மூடிப்போன ஒரு கடையின் பெயர். பாலத்தைத் தொட்டுக் காட்டி, வெள்ளம் வந்த ஆண்டில் தண்ணீர் எந்தக் கல்வரை நின்றது என்றும் சொன்னார். பழைய பெயர், உள்ளூர் வழக்குப் பெயர் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிச்சொற்கள் இருப்பதால், இத்தகைய பெயர்களுக்கு வரைபடத்தில் முறையான இடம் உண்டு. குறைந்தது மூன்று பேராவது அதே பெயரைச் சொன்ன பிறகே சேர்ப்பது எங்கள் வழக்கம்.

மக்களிடம் கேட்கும்போது பெயர், தொலைபேசி எண், வீட்டில் யார் யார் என்பவற்றை எழுதிக்கொள்ளவே கூடாது. 2021 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இதைக் கண்டிப்பாகப் பார்க்கிறது. குடிசைப் பகுதிகளை வரைவதற்கு முன், அங்குள்ள குடியிருப்போர் குழுவிடம் பேசி, அவர்கள் சம்மதத்தோடுதான் தொடங்க வேண்டும். வெளியேற்றத்துக்கு அஞ்சி வாழும் மக்களின் வீடுகளை அவர்களைக் கேட்காமல் உலகுக்குக் காட்டுவது, நல்ல நோக்கத்தோடு செய்தாலும் தீங்காகவே முடியும்.

பேசவும் போகவும்

கூட்டங்களுக்கு நேரம் குறிப்பதில் டர்பனுக்கு ஒரு வசதி இருக்கிறது. மத்திய ஐரோப்பாவின் கோடை நேரமும் நம் நேரமும் ஒன்றே. அவர்களின் குளிர்காலத்தில் நாம் ஒரு மணி நேரம் முன்னே இருக்கிறோம். நமக்கு மாலை 4 மணி என்றால் டாக்காவில் இரவு 8, சென்னையில் 7.30. ஆகவே ஆசியக் கிளைகளோடு மாலை 4 மணியும், அமெரிக்கக் கிளைகளோடு இரவு 7 மணியும் பொருந்தும். முதல் கூட்டத்திலேயே சங்க அறிமுகம் செய்து நேரத்தைக் கழிக்காமல், இரு கிளைகளும் ஒருவர் ஊரை மற்றவர் வரைந்து, ஒருவர் வேலையை மற்றவர் சரிபார்ப்பது என்று ஒப்புக்கொள்ளுங்கள். எங்கள் நட்புகளில் நிலைத்தவை எல்லாம் அப்படித் தொடங்கியவையே.

ஓராண்டு வேலை கையில் இருந்தால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் கூடும் ஸ்டேட் ஆஃப் தி மேப் என்ற உலக மாநாட்டின் பயண உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2024இல் அது நைரோபியில் நடந்தது. ஆப்பிரிக்காவுக்கென்றே தனி மாநாடும் 2017இல் கம்பாலாவில் தொடங்கி நடந்துவருகிறது. விண்ணப்பத்தில் உங்கள் ஆர்வத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதாமல், எந்த ஆற்றங்கரையில் எத்தனை பாலங்களைச் சேர்த்தீர்கள், அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதுங்கள். கடவுச்சீட்டை அழைப்பு வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், விண்ணப்பம் அனுப்பும் வாரத்திலேயே அதற்கும் மனு கொடுத்துவிடுங்கள்; எங்கள் மாணவர் ஒருவருக்கு உதவித்தொகை கிடைத்தும், கடவுச்சீட்டு வந்து சேர்ந்தபோது மாநாடு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.