தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு: புறப்படும் முன் முடிக்க வேண்டியவை

வளைகாப்பு முடிந்து, கை நிறைய கண்ணாடி வளையலும் வேப்பிலைக் காப்புமாகப் பெண் தாய்வீட்டுக்குப் புறப்படுவது நம்மிடம் மட்டும் உள்ள வழக்கம் அன்று. ஜப்பானிலும் பிள்ளைப்பேற்றுக்காகப் பிறந்த வீடு செல்லும் பெண்கள் பலர். ‘சாதோகாயெரி’ என்று அதற்குப் பெயர். ஆனால் அங்கே ஐந்தாம் மாத வாக்கிலேயே தாய்வீட்டு ஊர் மருத்துவமனையில் பேசி இடம் பதிந்துவிடுகிறார்கள். அதுவரை பார்த்த மருத்துவரின் கடிதத்தையும், 1948 முதல் வழங்கப்படும் தாய்சேய் கையேட்டையும் எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் 32 முதல் 35 வாரத்துக்குள் போய்ச் சேர்கிறார்கள். நல்ல நாள் பார்ப்பதில் நாம் காட்டும் அக்கறையில் பாதி இந்த ஏற்பாட்டுக்குப் போதும்.

நாள் குறிக்கும் முன் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஏழாம் மாதத்தில் எந்தப் பரிசோதனையும் ஊசியும் பாக்கி இருக்கின்றன? கர்ப்பகாலச் சர்க்கரை நோய்க்கான குளுக்கோஸ் பரிசோதனையை வழக்கமாக 24 முதல் 28 வாரத்துக்குள் செய்கிறார்கள். தாயின் ரத்த வகை நெகட்டிவாகவும் தந்தையுடையது பாசிட்டிவாகவும் இருந்தால், தாயின் உடல் குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமல் தடுக்கும் ‘ஆன்டி-டி’ ஊசியை 28ஆம் வாரத்தை ஒட்டிப் போடச் சொல்வார்கள். பிறக்கும் குழந்தை பாசிட்டிவ் எனத் தெரிந்தால், 72 மணி நேரத்துக்குள் மீண்டும் ஒன்று போட வேண்டும். சடங்கும் பயணமும் வந்து விழுவது சரியாக இந்த வாரங்களில்தான். பழைய மருத்துவர், புது ஊரில் போட்டுக்கொள்வார்கள் என்று நினைக்க, புதியவர் ஏற்கெனவே போட்டிருப்பார்கள் என்று நினைக்க, ஊசி இடையில் விட்டுப்போகும். எனவே போட்டாயிற்றா, போட வேண்டுமா என்பதைத் தேதியுடன் எழுதி வாங்குங்கள்.

ஃபைலின் முதல் பக்கத்தில் ரத்த வகை, கடைசி மாதவிலக்குத் தேதி, பிரசவத் தேதி, ஒவ்வாமை, உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவை பெரிய எழுத்தில் இருக்கட்டும். எல்லா ஸ்கேன் அறிக்கைகளையும், குறிப்பாக முதல் மூன்று மாதத்தில் எடுத்ததை, உடன் வையுங்கள். நாள் கணக்கில் ஐயம் வந்தால் அதைத்தான் நம்புவார்கள். தமிழ்நாட்டில் உள்ளவர்கள், கர்ப்பிணிகளுக்கான அரசின் ‘பிக்மி’ (PICME) இணையப் பதிவில் கிடைத்த 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர்களிடமும் இடமாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண்ணைக் கேட்பார்கள்.

ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி கீழிறங்கி இருத்தல், இரட்டைக் குழந்தை போன்ற சிக்கல் இருப்பவர்கள் மருத்துவர் அனுமதியின்றிப் புறப்படவே வேண்டாம். மற்றவர்கள் காரில் சென்றால், சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றின்மேல் போடாமல் அதற்குக் கீழே இடுப்பை ஒட்டி அணிந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சற்று நடக்க வேண்டும். சென்று சேர்ந்த வாரத்திலேயே புதிய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நள்ளிரவில் வலி எடுத்தால் எந்த வண்டி, எவ்வளவு நேரம், அங்கே ரத்தம் ஏற்றவும் அறுவை செய்யவும் வசதி உண்டா என்பதை அன்றே கேட்டறியலாம். ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல், பார்வை மங்கலுடன் கடும் தலைவலி ஆகியவற்றுக்கு வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது.

பிள்ளை பிறந்ததும் ‘சேனை’ வைக்கச் சர்க்கரைத் தண்ணீருடன் நிற்கும் பெரியவர்களிடம், முதல் மணி நேரத்தில் சீம்பால் மட்டுமே என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். பிரசவ அறையின் வாசலில் அந்தப் பேச்சு எடுபடாது. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் தாராளமாகச் சாப்பிடலாம். பத்தியத்தின் பெயரால் தண்ணீரைக் குறைப்பதுதான் கூடாது.

மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ குழந்தையுடன் கணவர் வீடு திரும்பும் நாளைக் குறிக்கும்போது, 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசித் தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த முறை ஃபைலோடு தடுப்பூசி அட்டையும் சேர்ந்து பயணப்பட வேண்டும்.