தயிரில் எந்தப் பழம் போடலாம்?

தயிரில் புரதமும் கால்சியமும் உண்டு. ஆனால் நார்ச்சத்து துளியும் கிடையாது, வைட்டமின் சி பெயருக்குத்தான். அந்த இரண்டையும் ஈடுகட்டும் பழமாகப் பார்த்துப் போட வேண்டும். முதலிடம் கொய்யாவுக்குத்தான்.

150 கிராம் முழுப்பால் தயிரில் 100 கிராம் கொய்யாவைத் தோலோடு நறுக்கிப் போட்டால், சுமார் 7 கிராம் புரதம், 5 கிராம் நார்ச்சத்து, 200 மில்லிகிராமுக்கு நெருக்கமாகக் கால்சியம் கிடைக்கும். வைட்டமின் சி ஒருநாள் தேவையைத் தாண்டிவிடும். இத்தனைக்கும் 160 கலோரி அளவுதான். வாழைப்பழம் போட்டால் வயிறு நிறையும், பொட்டாசியமும் சேரும். வைட்டமின் சி 10 மில்லிகிராம்கூடத் தேறாது.

தயிர் புளித்திருந்தால் நாக்கு சர்க்கரை கேட்கும். மூன்று டீஸ்பூன் போட்டாலே சுமார் 50 கலோரி கூடிவிடும். ஆகவே தயிரை இளசாகவே எடுத்து வையுங்கள். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு டீஸ்பூன் தயிரை உறை ஊற்றுங்கள். வெயில் காலத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் தோய்ந்துவிடும். பாத்திரத்தைச் சாய்த்தால் தயிர் ஆடை கலையாமல் மொத்தமாக அசையும். அப்போதே ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

பழத்தைக் கழுவி, ஈரத்தைத் துடைத்துவிட்டு நறுக்குங்கள். கலப்பது சாப்பிடும் நேரத்தில்தான். சர்க்கரையோ உப்போ பழத்தின் மேல் முன்கூட்டியே தூவினால், அது பழத்திலிருந்து நீரை இழுத்துத் தயிரை நீர்க்க வைத்துவிடும்.

வேகவைக்காத அன்னாசியும் கிவியும் வேறு ரகம். அவற்றில் உள்ள நொதிகள் பால் புரதத்தை உடைப்பதால், கலந்து வைத்த தயிர் கசந்து, தண்ணீர் பிரிந்துவிடும். பப்பாளியிலும் இது உண்டு. காயில் அதிகம், நன்கு பழுத்ததில் குறைவு. அன்னாசித் துண்டுகளை ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, நன்றாக ஆறிய பின் கலந்தால் கசக்காது. வைட்டமின் சி கொஞ்சம் போகும், பரவாயில்லை. சூடாகக் கொட்டினால் தயிரில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் செத்துவிடும்.

மாதுளை முத்து தயிரில் பார்க்க அழகு, நார்ச்சத்தும் நிறைய. 'ரத்தம் ஊறும்' என்று நம்பிச் சாப்பிடுவதில்தான் பொருளில்லை: 100 கிராமில் இரும்பு அரை மில்லிகிராம்கூட இல்லை. போதாக்குறைக்குத் தயிரின் கால்சியம் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள், மாத்திரைக்கும் தயிருக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும்.