டிரைவர் எரர் பாதையில் சின்ன மாற்றம்: காரணத்தை எப்படி எழுதுவது?

லினக்ஸ் டிரைவர் ஒன்றில் எரர் கையாளும் இடத்தைக் கொஞ்சம் சீர்செய்து பேட்ச் தயார். சரி, கமிட் மெசேஜில், அதாவது மாற்றத்தோடு போகும் விளக்கத்தில், என்ன எழுதப் போகிறீர்கள்? தயவுசெய்து "வேகம் கூடும்" என்று எழுதாதீர்கள். டிவைஸைத் தயார்செய்யும் ப்ரோப் ஃபங்ஷன் ஒரு டிவைஸுக்குப் பெரும்பாலும் ஒரு தடவைதான் ஓடும், அதிலும் எரர் பாதைக்குள் போவது ஏதாவது தோற்றால் மட்டுமே. அங்கே சில நானோசெகண்ட் மிச்சமாகி யாருக்கும் பயனில்லை, ஆனால் அதைப் படித்துச் சரிபார்க்கிற மெயின்டெய்னரின் (அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவரின்) நேரம் நிஜமாகவே போகிறது.

அடிக்கடி வரும் ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். ப்ரோப்பில் இரண்டு பஃபருக்கு மெமரி கேட்கிறோம், எது தோற்றாலும் கோட்டோ தாவுவது ஒரே லேபிளுக்கு, அங்கே இரண்டுக்கும் கேஃப்ரீ (மெமரியை விடுவிக்கும் ஃபங்ஷன்). முதல் பஃபரே கிடைக்காதபோது இரண்டாவதற்கு கேஃப்ரீ எதற்கு என்று லேபிளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். கேஃப்ரீக்கு நல் (காலி பாயின்டர்) கொடுத்தால் அது பேசாமல் திரும்பிவிடும், அதனால் இதில் ஒரு ஃபங்ஷன் கால் மட்டுமே மிச்சம். அப்புறம் யாராவது நடுவில் மூன்றாவது பஃபரைச் சேர்த்துத் தவறான லேபிளுக்குத் தாவினால் மெமரி லீக்! இந்த மாற்றத்தை நான் அனுப்ப மாட்டேன்.

அதே இடத்தில் கேஃப்ரீக்குப் பதில் டிவைஸின் கிளாக்கை (ஹார்ட்வேருக்கான துடிப்பு சிக்னலை) நிறுத்தும் ஃபங்ஷன் கால் இருந்தால் கதையே வேறு. ஆன் செய்யாத கிளாக்கை நிறுத்தினால் கெர்னல் வார்னிங் கொட்டும். அப்போது நீங்கள் செய்வது பிழைத்திருத்தம். அப்படியே சொல்லுங்கள், எந்த கமிட்டில் தவறு நுழைந்தது என்று ஃபிக்ஸஸ் வரியும் போடுங்கள்.

அளவு குறைவதும் நல்ல காரணம்தான். மெமரி கேட்கும் கேமல்லாக் தோற்றால் கெர்னலே ஸ்டாக் டிரேஸோடு சொல்லிவிடும், டிரைவர் தனியாக "மெமரி இல்லை" என்று அச்சிட வேண்டியதில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு, பழைய ஆப்ஜெக்ட் ஃபைலையும் புதியதையும் கெர்னலின் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள, அளவு வித்தியாசத்தைக் காட்டும் ப்ளோட்-ஓ-மீட்டரிடம் கொடுங்கள். எத்தனை பைட் குறைந்தது, எந்த ஆர்க்கிடெக்சர், எந்த கம்பைலர் என்பதை மெசேஜிலேயே எழுதுங்கள். ப்ரோப் எரரை அச்சிடும் வரியை, கெர்னல் 5.9 முதல் இருக்கும் டெவ்_எர்_ப்ரோப்புக்கு மாற்றினால் வரிக்கணக்கைப் பெரிதாகச் சொல்ல வேண்டாம், தேவையான வேறொன்று இன்னும் தயாராகாமல் ப்ரோப் தள்ளிப்போகும்போது எரர் லாக் நிரம்பாது என்பதுதான் அசல் லாபம்.

அனுப்பும் முன் ஃபெயில்ஸ்லாப் என்ற கெர்னல் வசதியை ஆன் செய்து அலொகேஷனை வேண்டுமென்றே தோற்கவைத்து அந்தப் பாதையை ஒரு தடவையாவது ஓட்டுங்கள். ஹார்ட்வேர் கையில் இல்லையா? "கம்பைல் மட்டும் செய்து பார்த்தேன்" என்று பேட்ச்சில் கமிட் மெசேஜுக்கு அடியில் வரும் மூன்று கோடுக்குக் (---) கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.