வெண்பன்றிப் பெட்டையை முதல் ஈற்றுக்குத் தயார் செய்வது எப்படி?

கொட்டகை போடுவது, தண்ணி குடிக்கும் நிப்பிள் குழாய் மாட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பண்ணை வைத்த எனக்குப் பணம் கரைந்தது பெட்டைகளைச் சினைப்படுத்தும் இடத்தில்தான்.

1. தேர்வு

தாயிடமிருந்து பிரிக்கும்போதே குட்டியைப் புரட்டிக் காம்பை எண்ணுங்கள். 12-க்குக் குறைந்தால் வேண்டாம். நான் 14 பார்க்கிறேன். உள்ளே குழிந்த காம்பு கணக்கில் சேராது. ஐந்து மாதத்தில் நடக்கவிட்டுக் கால் பாருங்கள். பிறப்புறுப்பு ரொம்பச் சிறிதாக இருந்தால் கறிக்கு ஒதுக்கிவிடலாம்.

2. தீவனம்

60 கிலோ தாண்டியதும் கறிப்பன்றிகளிடமிருந்து பிரித்து, நாளைக்கு இரண்டு முதல் இரண்டரைக் கிலோ அளந்து போடுங்கள். வயிறு முட்டப் போட்டால் கொழுத்துப்போய்க் கால்தான் முதலில் கெடும். ஓட்டல் மிச்சம் மலிவுதான், ஆனால் ஒரு நாள் பிரியாணி, மறுநாள் வெறும் கஞ்சித்தண்ணி. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2022-இல் வயநாட்டுக்கு வந்த பிறகு எனக்கு அந்த ஆசையே விட்டுப்போயிற்று. வேகாத பன்றிக்கறித் துண்டு ஒன்று வாளியில் கிடந்தால் போதும், மொத்தக் கொட்டகையும் காலி.

3. பருவம் பார்ப்பது

இங்கேதான் நான் விழுந்தேன். பருவத்துக்கு, அதாவது சேர்க்கைக்குத் தயாரான பெட்டை, முதுகை அழுத்தினால் அசையாமல் நிற்கும். தினமும் காலையில் முதுகை அழுத்திப் பார்த்தேன். ஏழு மாதம் ஆகியும் ஒரு பெட்டைகூட அப்படி நிற்கவில்லை. ஆண் பன்றி வேண்டும் என்றார்கள். கையில் இருந்த ஆறு மாத ஆணைக் காட்டினேன், அதுவும் பலிக்கவில்லை. வெளியே அறிகுறி காட்டாத ஊமைப் பருவமோ என்று இரண்டு சுற்றை விட்டேன். ஒரு சுற்று 21 நாள். 42 நாளில் ஒரு பெட்டை தின்றது 100 கிலோவுக்கு மேல்.

பிறகு பக்கத்துத் தோட்டத்து மாமா தன் இரண்டு வயது ஆணை ஓட்டிவந்தார். வாயில் நுரை தள்ளத் தள்ள அது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றது. நான் ஒரு பெட்டையின் முதுகில் கை வைத்ததும், காதை விறைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றுவிட்டது. அந்த நுரையின் வாடைதான் விஷயம், இளம் ஆணிடம் அது போதாது. பத்து மாதத்துக்கு மேற்பட்ட ஆணைத்தான் பயன்படுத்துங்கள். ஐந்தரை மாதத்திலிருந்தே தினமும் 15 நிமிடம் மூக்கோடு மூக்கு உரசவிட்டால் பருவமும் சீக்கிரம் வரும்.

பாலக்காட்டு வெயிலில் மார்ச், ஏப்ரல் மதியத்தில் எந்தப் பன்றியும் ஒத்துழைக்காது. விடிகாலையில் பாருங்கள்.

4. சேர்ப்பது

முதல் பருவத்தில் சேர்க்காதீர்கள், குட்டி குறையும். தேதியைச் சுவரில் எழுதுங்கள். மொபைல் செயலியைவிடக் கரிக்கட்டிதான் எனக்கு நம்பிக்கை. இரண்டாவது அல்லது மூன்றாவது பருவம், எட்டு மாதம், 120 கிலோ. அதற்கு இரண்டு வாரம் முன்பு தீவனத்தை மூன்று கிலோவாக்கி, சேர்த்த அன்றே குறைத்துவிடுங்கள். காலையில் நின்றால் மாலையில் ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை. ஆண் அதன் கூடப்பிறந்ததாக இருக்கக் கூடாது.

பின்சேர்க்கை: பெரிய ஆண் இருந்தும் பெட்டை நிற்கவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். விசாரித்தால் இருவருமே ஆணைப் பக்கத்து அறையிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். எந்நேரமும் வாடை வந்தால் பழகிப்போய்விடும். தூரத்தில் வைத்து, பார்க்கும் நேரத்துக்கு மட்டும் ஓட்டி வாருங்கள்.