கலிமா மொழிந்த பின்: கொழும்பில் இஸ்லாத்தைத் தழுவியவருக்கான முதற்படிகள்

கொழும்பில் இஸ்லாத்தை ஏற்கும் ஒருவர் பள்ளிவாசலில் பலர் முன்னிலையில் கலிமா (இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி) மொழிந்திருக்கலாம். வெள்ளவத்தையில் ஒரு நண்பரின் வீட்டிலோ, எவரும் அறியாமல் தம் அறையிலோ மொழிந்திருக்கலாம். எங்கே மொழிந்தாலும் மறுநாள் காலையில் எழுகின்ற கேள்வி ஒன்றே: இனி என்ன செய்வது? பத்துப் பேரைக் கேட்டால் பத்து விதமான பதில் கிடைக்கும். ஒருவர் பெயரை மாற்றச் சொல்வார், இன்னொருவர் கத்னாவுக்கு (விருத்தசேதனத்துக்கு) நாள் குறிப்பார், மற்றொருவர் தடித்த நூல்கள் நான்கைக் கையில் தந்து அனுப்புவார். புதியவர்களுக்குத் தொழுகை சொல்லிக்கொடுத்து வந்த அனுபவத்தில் நான் கூறுவது இதுதான்: முதலாண்டில் தொழுகையைக் கற்றுக்கொள்ளுங்கள், தாய் தந்தையரைக் கைவிடாதீர்கள், எஞ்சியவை தத்தம் வேளையில் வந்து சேரும்.

"அஷ்ஹது அன் லா இலாஹ இல்லல்லாஹ், வஅஷ்ஹது அன்ன முஹம்மதர் ரஸூலுல்லாஹ்" (வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வைத் தவிர வேறில்லை என்றும், முஹம்மது அல்லாஹ்வின் தூதர் என்றும் சாட்சி கூறுகிறேன்) என்பதைப் பொருள் உணர்ந்து, மனம் ஒப்பி மொழிந்துவிட்டால் நீங்கள் முஸ்லிம். சாட்சிகளும் சான்றிதழும் பின்னாளில் ஆவணத் தேவைக்கு உதவுமே தவிர, அவை இல்லாததால் ஈமானுக்கு (இறைநம்பிக்கைக்கு) குறைவு வந்துவிடாது. இஸ்லாம் அதற்கு முன் நடந்தவற்றை அழித்துவிடுகிறது என்று அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆகவே கடந்த ஆண்டுகளில் தொழாத தொழுகைகளையும் பிடிக்காத நோன்புகளையும் கணக்கிட்டுக் கழாச் செய்ய (பின்னர் ஈடுசெய்ய) வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

முதலில் குளியுங்கள். கைஸ் இப்னு ஆஸிம் (ரலி) இஸ்லாத்தை ஏற்றபோது, இலந்தை இலை கலந்த நீரால் குளிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நிய்யத்துடன் (மனத்தில் எண்ணம் கொண்டு), தலைமுடியின் அடிவரை நனையுமாறு உடல் முழுவதும் நீர் ஊற்றிக்கொண்டால் போதுமானது.

அடுத்து வுழூ, அதாவது தொழுகைக்கு முன் உறுப்புகளைத் தூய்மை செய்தல். குர்ஆனில் ஸூரத்துல் மாஇதாவின் 6 ஆம் வசனம் முகம், முழங்கை வரை கைகள், தலை, கணுக்கால் வரை பாதங்கள் ஆகிய நான்கையும் குறிப்பிடுகிறது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் (சட்ட வழிமுறையில்) இவற்றோடு நிய்யத்தும் வரிசை மாறாமையும் சேர்ந்து ஆறு பர்ழுகள் (கட்டாயக் கடமைகள்) ஆகின்றன. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதை விட, பள்ளியின் ஹவ்ழ் (நீர்த்தொட்டி) ஓரத்தில் ஒருவர் அருகில் இருந்து பார்க்க, நீங்கள் செய்துகாட்டுவது நல்லது. ஒருமுறை ஓர் இளைஞர் மிகுந்த கவனத்துடன் வுழூச் செய்து முடித்தார். ஆனால் முழுக்கைச் சட்டையைச் சரியாக முழங்கை மூட்டு வரைதான் மடித்திருந்தார். மடிப்பை நான் சற்று மேலே தள்ளியபோது, அதன் அடியில் ஒரு விரற்கடை அகலத்துக்குத் தோல் காய்ந்தே இருந்தது. அன்று முதல் அவர் சட்டையை முழங்கைக்கு மேல் நான்கு விரல் உயரம் மடிக்கிறார். இத்தகைய சின்னஞ்சிறு விடயங்களை எந்தக் காணொளியும் உங்களுக்காகக் கவனித்துச் சொல்லாது.

தொழுகை நாளொன்றுக்கு ஐந்து வேளை: சுபஹ் (அதிகாலை) 2, லுஹர் (நண்பகல்) 4, அஸர் (பிற்பகல்) 4, மஃரிப் (சூரியன் மறைந்ததும்) 3, இஷா (இரவு) 4 என பர்ழான ரக்அத்துகள் (தொழுகையின் சுற்றுகள்) மொத்தம் 17. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நேரங்கள் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. மஃரிப் எந்த மாதத்திலும் ஏறத்தாழ மாலை 5.50 க்கும் 6.35 க்கும் இடையிலேயே வரும். வேலைக்குச் செல்பவர்கள் ஒருமுறை அட்டவணையைப் பார்த்துத் தம் நாளை அதற்கேற்ப ஒழுங்குபடுத்திக்கொண்டால் சிரமம் பெருமளவு குறைந்துவிடும். ஓதல்கள் மனனமாகும் வரை தொழாமல் காத்திருக்க வேண்டாம். பாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) இன்னும் வராதவர் ஸுப்ஹானல்லாஹ், அல்ஹம்து லில்லாஹ், லா இலாஹ இல்லல்லாஹ், அல்லாஹு அக்பர் என்ற திக்ருகளை (இறைநினைவுச் சொற்களை) சொல்லித் தொழுவதற்கு ஹதீஸில் (நபிமொழியில்) ஆதாரம் உண்டு. இன்றைய லுஹரையே அவ்வாறு தொடங்குங்கள்.

பாத்திஹாவில் ஏழு வசனங்கள் உள்ளன. நாளுக்கு ஒன்று வீதம் ஏழு நாளில் மனனம் செய்யலாம். புதியவர்கள் வழக்கமாக அதைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு அந்தத் தாள் துணை செய்யும். அதற்கு மேல் அது தடையாகிவிடும். அரபியில் இருதயத்தைக் குறிக்கும் சொல்லையும் நாயைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் "கல்ப்" என்றே வரும். முதலாவதில் உள்ள ககரம் அடித்தொண்டையிலிருந்து எழ வேண்டும். அல்ஹம்து என்பதில் உள்ள ஹகரமும் இவ்வாறே எழுத்தைப் பார்த்து வராது, காதால் கேட்டே வரும். ஆகவே தாளை மடித்து வைத்துவிட்டு, ஓத வைக்கும் ஒரு மௌலவியிடமோ, பெண்களாயின் ஓர் ஆலிமாவிடமோ கிழமைக்கு இரு நாள் அமருங்கள். சிறு பிள்ளைகளுடன் சேர்ந்து எழுத்துக் கூட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தடுமாறி, சிரமப்பட்டுக் குர்ஆனை ஓதுபவருக்கு இரண்டு கூலி என்று ஹதீஸ் கூறுகிறது.

தமிழ் பேசும் ஒருவருக்கு இங்கே ஓர் ஆறுதலும் உண்டு. தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல் ஆகிய சொற்கள் ஏற்கெனவே உங்கள் மொழிக்குரியவை. மார்க்கம் புதிதாயினும் அதன் வாசலில் எழுதியிருக்கும் பெயர் உங்களுக்கு வாசிக்கத் தெரிந்ததாகவே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ (நண்பகல் கூட்டுத் தொழுகை) ஆண்களுக்குக் கடமை. புறக்கோட்டையில் 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாமிஉல் அல்பார், புதிய சோனகத் தெருவில் உள்ள பெரிய பள்ளிவாசல், மருதானை, கொள்ளுப்பிட்டி எனப் பல இடங்கள் உண்டு. எனினும் உங்கள் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ அருகில் உள்ள ஒரு பள்ளியைத் தெரிந்தெடுத்து, தொடர்ந்து அங்கேயே செல்லுங்கள். நான்காவது வெள்ளிக்கிழமை யாராவது ஒரு நானா உங்கள் பெயரைக் கேட்பார். உறவு அங்கிருந்து வளரும். பெண்கள் முன்கூட்டியே விசாரித்துச் செல்ல வேண்டும், எல்லாப் பள்ளிகளிலும் பெண்களுக்குத் தொழுமிடம் இல்லை. புதிய சகோதரிகள் வாசல் வரை வந்து திரும்பிச் செல்வதைக் காண்பது எனக்கு வேதனை தருகிறது. நிர்வாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பள்ளிக்குப் பள்ளி சில வேறுபாடுகளைக் காண்பீர்கள். சுபஹின் இரண்டாம் ரக்அத்தில் ஓரிடத்தில் இமாம் கையேந்திக் குனூத் (ஒரு வேண்டுதல்) ஓதுவார், வேறோரிடத்தில் ஓத மாட்டார். திகைக்க வேண்டாம், இமாமைப் பின்பற்றித் தொழுதுவிடுங்கள். தரீக்கா, தப்லீக், தவ்ஹீத் என்ற அமைப்பு விவாதங்களில் முதலாண்டிலேயே ஒரு பக்கம் சேர வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. ஆனால் எவரேனும் உங்களை இரகசியமாகச் சந்திக்க அழைத்தாலோ, குடும்பத்தாரையும் பிற சமூகத்தாரையும் வெறுக்கச் சொன்னாலோ, அன்றே விலகிவிடுங்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களின் காயம் இந்த நகரில் இன்னும் ஆறவில்லை. உங்கள் தாயின் அச்சத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

வீட்டைப் பற்றி விரிவாகக் கூற வேண்டும், ஏனெனில் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பெற்றோர் இணைவைக்குமாறு வற்புறுத்தினால் கீழ்ப்படிய வேண்டாம், ஆயினும் உலக வாழ்வில் அவர்களுடன் நல்ல முறையில் நடந்துகொள்ளுங்கள் என்று ஸூரா லுக்மானின் 15 ஆம் வசனம் கட்டளையிடுகிறது. இஸ்லாத்தை ஏற்காத தம் தாய் வந்தபோது உறவு பேணலாமா என்று அஸ்மா (ரலி) கேட்டார்கள். பேணுமாறே நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எனவே செய்தியை மூன்றாம் ஆள் மூலமாகவோ தொலைபேசிக் குறுஞ்செய்தியாகவோ அறிவிக்காமல், நேரில் அமர்ந்து நீங்களே சொல்லுங்கள். அம்மாவை அம்மா என்றே அழையுங்கள். சாமி படத்தை அகற்றச் சொல்வதோ, விவாதத்தில் வெல்வதோ உங்கள் வேலையாக இருக்க வேண்டாம். படையலிட்ட உணவை உண்ண இயலாது என்பதை முன்னரே தனியாக, பணிவாகச் சொல்லிவிட்டால், விசேட நாளில் எல்லோர் முன்னிலையிலும் இலையைத் தள்ளிவைக்கும் சங்கடம் நேராது. தைப்பொங்கலன்று காலில் விழுவது உங்கள் வீட்டு வழக்கமாயின், சிரம்பணிதல் அல்லாஹ்வுக்கே உரியது என்பதால், அவர்களின் கைகளைப் பற்றி முத்தமிடுங்கள். மரக்கறிச் சமையல் செய்யும் வீடாயின் சோறும் பருப்பும் கீரையும் ஹலால்தான். தனி அடுப்பு தேவையில்லை. மருந்துச் செலவு, மின்கட்டணம், வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வது ஆகியவற்றை முன்னிலும் கூடுதலாக நீங்கள் ஏற்றுக்கொள்வது, பேச்சு எட்டாத இடத்துக்கும் எட்டும்.

பெயரை மாற்றுவது கட்டாயமில்லை. இணைவைப்புப் பொருள் தரும் பெயரை மட்டுமே மாற்ற வேண்டும். தந்தையின் பெயரை ஒருபோதும் நீக்க வேண்டாம்; அவர்களை அவர்களின் தந்தையர் பெயராலேயே அழையுங்கள் என்பது ஸூரத்துல் அஹ்ஸாபின் 5 ஆம் வசனம். விரும்பும் மதத்தைத் தழுவும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை உறுதிசெய்கிறது. இருப்பினும் ஹஜ், உம்ரா விசாவுக்கும் திருமணத்துக்கும் இஸ்லாத்தை ஏற்றதற்கான கடிதம் தேவைப்படலாம் என்பதால், பள்ளி நிர்வாகத்திடம் அதைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமக்கள் இருவரும் முஸ்லிம்களாக இருக்கும்போதே பொருந்தும். பொதுச் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே திருமணம் செய்தவர், மதம் மாறியதைக் கொண்டு அத்திருமணம் நீடிக்கையில் இரண்டாம் திருமணம் செய்ய முடியாது. 1965 இல், அப்போது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் அதற்கு இடமளித்தது. இலங்கை உயர் நீதிமன்றம் பின்னர் அத்தீர்ப்பைப் புறந்தள்ளி, அது குற்றமென்றே தீர்ப்பளித்தது. ஷரீஅத் வாரிசுரிமையில் முஸ்லிமல்லாத பெற்றோருக்குப் பங்கு இல்லை. ஆனால் சொத்தில் மூன்றிலொரு பங்கு வரை அவர்களுக்கு வஸிய்யத் (மரண சாசனம்) எழுதலாம். ஒரு சட்டத்தரணியைச் சந்தித்து இதை எழுதி வையுங்கள். முதுமைக்கு ஒத்திவைக்க வேண்டாம். உங்கள் ஜனாஸாவை (உடலை) அடக்கம் செய்ய வேண்டும் என்ற விருப்பத்தையும் அதே வேளையில் எழுதி, குடும்பத்தில் ஒருவரிடம் கொடுங்கள்.

கத்னா இஸ்லாத்தை ஏற்பதற்கான நிபந்தனை இல்லை. உடல்நிலை இடந்தரும்போது வைத்தியசாலையில் செய்துகொள்ளலாம். மதுவையும் பன்றி இறைச்சியையும் உடனே விட்டுவிட வேண்டும்.

உங்கள் முதல் ரமழான் எப்போது வந்தாலும் அதற்கு முன் திங்கள், வியாழன்களில் ஓரிரு நோன்பு பிடித்துப் பழகுங்கள். கொழும்பில் நோன்பு நேரம் 13 மணித்தியாலங்களைச் சற்றுத் தாண்டும். பிறை தென்பட்ட செய்தி பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிக்கப்படும். ஸஹருக்கு (விடியலுக்கு முந்திய உணவுக்கு) தனியே எழுவது முதல் கிழமை கடினமாக இருக்கும். அம்மாவிடம் சொல்லி வைத்தால் அவரே எழுப்பிவிடவும் கூடும். நோன்பு துறக்கும் நேரத்தில் பள்ளிக்குச் செல்லுங்கள், பேரீச்சம்பழமும் கஞ்சியும் எல்லோருக்கும் கிடைக்கும். பாத்திரம் கொண்டு சென்றால் வீட்டுக்கும் ஊற்றித் தருவார்கள். வீட்டில் மரக்கறி மட்டும் உண்பவர்கள் இருந்தால், இறைச்சி சேர்த்துக் காய்ச்சினார்களா என்று கேட்டுக்கொண்டு, சேர்க்காத நாளில் அவர்களுக்கும் வாங்கி வாருங்கள்.