குளிர்காலத்தில் எஞ்சினைச் சூடாக்குகிறேன் என்று செய்யும் தவறுகள்

ஜனவரி மாதக் காலையில் கனடாவின் டொரோண்டோ வட்டாரத்தில், ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்துத் தெருக்களில் நடந்தால், ஓட்டுநர் இல்லாத கார்கள் வாசலில் வெண்புகை கக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். உரிமையாளர் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். ரிமோட் ஸ்டார்ட்டர் வந்தபிறகு சாவியைத் திருக வெளியே வரவேண்டிய சிரமமும் போய்விட்டது. எஞ்சின் நன்றாகச் சூடேறட்டும் என்று இப்படிக் கால் மணி நேரம் ஓடவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

பெட்ரோல் எரிந்தால்தான் எஞ்சின் சூடாகும். நின்ற இடத்திலேயே ஓடும் 2 லிட்டர் எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோலைத்தான் எரிக்கிறது. அதே கார் 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் என்ற கணக்கில் 50 கி.மீ. வேகத்தில் போனால், மணிக்கு 4 லிட்டர் எரிகிறது. எரிவது கூடினால் வெப்பமும் கூடும். அதனால் மெதுவாக ஓட்டிச் செல்வதே எஞ்சினை விரைவில் சூடாக்கும் வழி. வாசலில் எவ்வளவு நேரம் நின்றாலும் டயரும் சக்கர பேரிங்குகளும் குளிர்ந்தே கிடக்கும், கியர்பாக்ஸுக்கும் பெரிதாகச் சூடு சேராது. அவற்றுக்கும் ஓட்டம்தான் மருந்து.

நிற்கவைத்துச் சூடேற்றுவது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பழைய கருவியான கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். அப்போது காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்துவைத்துக் கொஞ்ச நேரம் காத்திருக்காவிட்டால் வண்டி தெருமுனையில் நின்றுவிடும். வட அமெரிக்காவில் கார்புரேட்டர் வைத்த புதுக் கார்கள் 1990களின் தொடக்கத்தோடு மறைந்துவிட்டன. இப்போது சென்சார்கள் குளிரை அளந்து சொல்ல, எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்பதைக் கணினியே முடிவு செய்கிறது. கார்புரேட்டர் போய் 30 ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பாக்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் மட்டும் மாறவில்லை.

ஸ்டார்ட் செய்தபின் அரை நிமிடம் பொறுத்தால் ஆயில் மேலேறிவிடும். கடுங்குளிரிலும் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் தேவையில்லை. டொரோண்டோ மாநகர விதியோ 60 நிமிடத்துக்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் வண்டியைச் சும்மா ஓடவிடக் கூடாது என்கிறது. கூரையிலும் கண்ணாடியிலும் கிடக்கும் பனியை முதலில் தள்ளிவிட்டு, அதன்பிறகு ஸ்டார்ட் செய்தாலே பாதி காத்திருப்பு குறைந்துவிடும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பொறுமையில்லாதவர்களின் தவறு வேறு வகை. நின்றபடியே ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமவிட்டால் சூடு சீக்கிரம் ஏறும் என்று நினைக்கிறார்கள். குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும். எஞ்சினுக்குள் போகும் கலவையிலும் பெட்ரோல் வழக்கத்தைவிட அதிகம். அதில் எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரிலுள்ள மெல்லிய ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். அந்த நேரத்தில் மிதிப்பது தேய்மானத்தை விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம். புறப்பட்ட பிறகும் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் எஞ்சின் சுற்றுவேகத்தை நிமிடத்துக்கு 2,500-ஐ ஒட்டியே வைத்திருங்கள். டாஷ்போர்டு முள் நடுவுக்கு வந்ததும் எல்லாம் தயார் என்று நெடுஞ்சாலையில் பறக்க வேண்டாம். அந்த முள் காட்டுவது எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவமான கூலன்ட்டின் சூட்டை. ஆயில் சூடாக அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

ஹீட்டர் விஷயத்தில் பலரும் தெரியாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு. காரில் ஏறியதும் விசிறியை உச்சத்தில் வைத்துவிடுகிறார்கள். உள்ளே வரும் வெங்காற்று எஞ்சினின் கூலன்ட்டிலிருந்து எடுக்கும் சூடுதான். எஞ்சினே குளிரில் விறைத்திருக்கும்போது, சேரும் கொஞ்சநஞ்ச வெப்பத்தையும் விசிறி உறிஞ்சிவிடுகிறது. உங்களுக்கும் குளிர்காற்றுதான் கிடைக்கும். முள் கொஞ்சம் அசையும்வரை விசிறியைக் குறைத்து வையுங்கள். இருக்கையிலும் ஸ்டியரிங்கிலும் மின்சூடு இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். முன்கண்ணாடி மங்கினால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது, உடனே விசிறியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

இனி தெர்மோஸ்டாட். கூலன்ட் ஏறத்தாழ 80 முதல் 95 டிகிரியை எட்டும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்து, எஞ்சினுக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் மட்டும் சுற்றவிடும் சின்ன வால்வு இது. சீக்கிரம் சூடேறுவதற்கென்றே காரில் வைத்த கருவி என்று இதைச் சொல்லலாம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும், வண்டி கொதித்தால் இதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் மெக்கானிக்குகள் உண்டு. அங்கேயே அது நல்ல வைத்தியம் அல்ல. மைனஸ் 15 டிகிரியில் அப்படி ஓட்டினால் எஞ்சின் கடைசிவரை முழுச்சூட்டுக்கு வரவே வராது. தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கிக்கொண்டாலும் இதே கதைதான். நகருக்குள் நிற்கும்போது முள் ஏறி, நெடுஞ்சாலையில் காற்றடித்ததும் இறங்கினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். காரின் கணினியில் P0128 என்ற பிழைக்குறி வந்தாலும் அப்படியே. சிலர் மாதக்கணக்கில் இதைக் கண்டுகொள்ளாமல், ஹீட்டர் சரியில்லை என்று குறைபட்டுக்கொண்டே பெட்ரோலைக் கொட்டுகிறார்கள். கூலன்ட் குறைந்திருந்தாலும் ஹீட்டர் காற்று குளிராக வரும், அதனால் அந்த அளவை முதலில் பாருங்கள். குறைந்ததென்று வெறும் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. வெறும் தண்ணீர் உறைந்தால் விரிந்து எஞ்சின் பிளாக்கையே பிளக்கும்.

ரேடியேட்டர் முன்னால் அட்டை செருகுவது லாரிக்காரர்களின் பழைய யுக்தி. தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருந்தால் தொடக்கச் சூட்டுக்கு இது பெரிதாக உதவாது. பல புதுக் கார்களில் ரேடியேட்டருக்கு முன்னால் காற்றைத் தடுக்கும் சிறு கதவுகள் தாமாகவே மூடிக்கொள்ளும். அட்டையை மறந்துவிட்டு வெயில் நாளில் நெடுஞ்சாலை ஏறினால் எஞ்சின் கொதிக்கவும் கூடும்.

பெட்ரோல் காரின் மைலேஜ் நகர ஓட்டத்தில் 25 டிகிரியில் இருப்பதைவிட மைனஸ் 7 டிகிரியில் சுமார் 15 சதவீதம் குறைகிறது. ஐந்தாறு கிலோமீட்டர் மட்டுமே போகும் ஓட்டங்களில் இது 24 சதவீதம்வரை போகலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. காலையில் பால் வாங்க ஒருமுறை, ஒரு மணி நேரம் கழித்து வங்கிக்கு ஒருமுறை என்று பிரித்துப் போகாமல், தூரமான வேலையை முதலில் முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் மற்றவற்றைப் பாருங்கள். குட்டி ஓட்டத்திலேயே காலம் தள்ளும் காரின் ஆயில் மூடியைத் திறந்தால், அடியில் பால் கலந்த காபி நிறத்தில் நுரை படிந்திருக்கும். ஆவியாகி வெளியேற வழியில்லாமல் தங்கி ஆயிலோடு கலந்துவிட்ட நீர் அது.

கராஜுக்குள் ஸ்டார்ட் செய்து சூடேற்றுவதை மட்டும் தவறு என்ற சொல்லுக்குள் அடக்க முடியாது. கதவைத் திறந்து வைத்தாலும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயு வீட்டுக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொல்லும். சைலன்சர் குழாயைப் பனி மூடியிருந்தாலும் அதே ஆபத்து. ரிமோட் பொத்தானை அழுத்துமுன் கார் எங்கே, எப்படி நிற்கிறது என்று எட்டிப் பாருங்கள்.

மைனஸ் 20-க்குக் கீழே அடிக்கடி போகும் இடங்களில், எஞ்சினை மின்சாரத்தில் சூடாக்கும் ப்ளாக் ஹீட்டர்தான் சரியான வழி. வின்னிபெக், எட்மண்டன் போன்ற ஊர்களில் பல வாகன நிறுத்துமிடங்களிலேயே இதற்கு மின்இணைப்பு வைத்திருக்கிறார்கள். இதிலும் ஒரு தவறு உண்டு. இரவு முழுக்கச் செருகி வைக்கிறார்கள். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு இயங்கினால் போதும், மீதி நேரம் ஓடுவது மின்கட்டணத்துக்கு மட்டுமே. வெளியில் பயன்படுத்தத் தகுந்த டைமரும், தடித்த மூன்று முனை வயரும் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் அவசரத்தில் வயரைக் கழற்ற மறந்துவிட்டு, செருகியோடு இழுத்துக்கொண்டு போகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கத்தான் செய்கிறார்கள். வயரை ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றித் தொங்கவிட்டால் ஏறும்போது கண்ணில் படும்.